மொத்தமாக ஒரு மாப்பு

எதற்கு என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். ராத்தா கையை நீட்டி, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கோ என்று சொன்னதும், எதற்கு என்று ஒரு சொல் கேட்க வேண்டும். குரல் உயரக் கூடாது. கண் கலங்கக் கூடாது. அதன் பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கலாம்.

குண்டசாலையிலிருந்து வந்த பஸ்ஸில் பஸ்லினா இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்கி, குட்ஷெட் பக்கமாக நடந்து, தூறலில் குடையை விரிக்காமலே ரயில் நிலையத்தின் வாசலுக்கு வந்தபோது அந்தச் சொல் தேய்ந்துபோயிருந்தது. பலமுறை சொன்னால் எந்தச் சொல்லும் வெறும் சத்தமாகிவிடுகிறது.

அவளுடைய அக்கா, அபீபா ராத்தா, ஹஜ்ஜுக்குப் போகிறாள். அவளும் அவள் கணவர் மச்சானும். பயணம் போகிறவர்கள் புறப்படும் முன் சொந்தம், அயல், பழகியவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி மாப்புக் கேட்பார்கள். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான்; மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதுவரை அது கழுத்தில் தொங்கும் என்று ஓதப் போன சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் கொஞ்ச நாட்களாக அபீபா கட்டுகஸ்தோட்டையிலும் மடவளையிலும் ஏறி இறங்காத வீடில்லை. எல்லா வீட்டிலும் ஒரே வசனம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: பொறுத்துட்டோம், எங்களுக்கும் துஆ செய்ங்க. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

பஸ்லினாவின் வீட்டுக்கு மட்டும் அவள் வரவில்லை. போன் எடுத்தாள்.

"வீட்டுக்கு வந்து ஒன்ன கஷ்டப்படுத்த மாட்டேன் பஸ்லி. வெளிய எங்கயாச்சும் இருந்து சாப்பிடுவோம். கண்டி ஸ்டேஷன்ல புதுசா ஒரு ரெஸ்டூரண்ட் தொறந்து ஈக்காம், பழைய காலத்து மாதிரி. ஞாயித்துக்கிழம பகல் சாப்பாட்டுக்கு அங்க வா, நானும் மகளும் வருவோம்."

சரி என்று சொல்லி போனை வைத்த பிறகும் பஸ்லினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ரெஸ்டூரண்ட் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். நிலையத்தின் பழைய சாப்பாட்டறையையும் அதை ஒட்டியிருந்த பார்சல் காரியாலயத்தையும் நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கியிருந்தார்கள். அந்தப் பார்சல் காரியாலயத்தில்தான் அவள் கணவர் நளீர் மவுத்தாகிக் கண்மூடும்வரை வேலை செய்தார். ராத்தா அதை வேண்டுமென்றே தேர்ந்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதை மறந்துபோய்த் தேர்ந்திருக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வாசலில் ரயில் கார்ட் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். தொப்பி அவருடைய தலைக்குப் பெரிது, புருவம்வரை இறங்கியிருந்தது. சட்டையில் ரமேஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

"வாங்கம்மா. எத்தன பேருங்க?"

"மூணு பேர். மத்தவங்க வந்துட்டாங்களோ தெரியல்ல."

"ரெண்டு பேரு வந்து ஒக்காந்திருக்காங்க. ஒரு பெரியம்மா, ஒரு தங்கச்சி. வாங்க, இந்தப் பெட்டிக்குள்ள வாங்க."

உள்ளே மேசைகளை ரயில் பெட்டி மாதிரி மரத் தடுப்புகளுக்குள் வைத்திருந்தார்கள். மேலே பெட்டி வைக்கும் கம்பித் தட்டுகள், அவற்றில் பூட்டில்லாத தகரப் பெட்டிகள். சுவரெல்லாம் பழைய புகைப்படங்கள். தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள், குடை பிடித்த சீமாட்டிகள், பெரிய மீசையோடு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். சுவருக்கு இளம் மஞ்சள் பூசியிருந்தார்கள். நளீர் இருந்த காலத்தில் இந்த இடம் கோணிச்சாக்கும் கருவாடும் லீக்ஸும் மணக்கும். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்த மணமும் கூடவே வரும். இப்போது வனிலா மணத்தது.

அபீபா எழுந்து கட்டிப்பிடித்தாள். ஸலாம் சொன்னாள். மெலிந்திருந்தாள். ஹஜ்ஜுக்கு நடக்கப் பழக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் விடியலில் மகாவலிக் கரையோரம் நடக்கிறாளாம்.

"இது என்னடி, சாப்பாட்டுக்கும் டிக்கட் எடுக்க வேணுமா?" என்று மேசையிலிருந்த மெனுவைத் தூக்கிக் காட்டினாள். பழைய ரயில் டிக்கட்டைப் போலத் தடித்த மட்டையில் அச்சடித்திருந்தார்கள்.

"உம்மா, அது சும்மா ஸ்டைலுக்கு," என்றாள் ருஷ்தா. அபீபாவின் கடைசி மகள். போன வருடம் பேராதனையில் படித்து முடித்தாள். அவளும் எழுந்து ஸலாம் சொல்லி, "எப்பிடி சாச்சி?" என்று பஸ்லினாவின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடக் கொஞ்சம் நேரமெடுத்தாள்.

"ஹலாலா எண்டு கேட்டியா?"

"போன்லயே கேட்டேன் உம்மா. மீன் எடுப்போம், பிரச்சினயே இல்ல."

ரமேஸ் எழுதிக்கொள்ள வந்தார். "ஹப்புத்தளை சூப் இன்னிக்கு இல்லீங்க. கோச்சி லேட்டு." ரயில் தாமதம் என்ற இந்தப் பகிடியை அவர் எல்லா மேசையிலும் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் ருஷ்தா சிரித்தாள். அபீபா சிரிக்கவில்லை. "ஈக்கிறத கொண்டு வாங்க தம்பி. மீன் கறி, சோறு. கடைசில வட்டிலாப்பம் தாங்க."

அவர் போன பிறகு ருஷ்தா எழுந்து அறையின் கோடிக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய இரும்புத் தராசு நின்றது. சாமான் நிறுக்கும் தட்டின்மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். அதைச் சிலர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ருஷ்தா போன் எடுக்கவில்லை. தட்டின் விளிம்பை விரலால் தடவிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சின்ன வயசுல இதுல ஏத்தித்தான் என்னெ நிறுப்பாங்க," என்றாள். "பார்சல் எங்க போகுதுண்டு கேப்பாங்க. நான் குண்டசாலைக்குண்டு செல்வேன்."

அபீபாவின் முகம் மாறியது. "எங்க? இங்கயா?"

"இதுதான் உம்மா பார்சல் ஒபீஸ். ஒங்களுக்குத் தெரியாதா?"

"அல்லாவே. எனக்கு எங்க ஞாபகம்? நீதானே இந்த எடத்த செல்லினாய்!"

"நான்தான் செல்லினேன்," என்றாள் ருஷ்தா.

பஸ்லினா மேசைத் துணியின் மடிப்பை நீவினாள். அப்படியென்றால் ராத்தா மறந்துபோய்த் தேர்ந்ததுமில்லை. தேர்ந்தவளே வேறு. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

ருஷ்தா பிறந்தபோது அபீபாவுக்கு ஏற்கெனவே மூன்று பெண்கள். பஸ்லினாவுக்குப் பிள்ளையே இல்லை. பிறந்து நாற்பது நாள் கழிந்த மறுநாள் அபீபாவே குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தங்கையின் மடியில் வைத்தாள். ஒனக்குத்தான், நீயே வளத்துக்கோ என்றாள். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. சொந்தத்துக்குள் அப்படித்தான் கொடுப்பார்கள். அன்று அபீபா அழுதது பொய்யில்லை. கொடுத்ததும் பொய்யில்லை. இத்தனை வருடத்தில் பஸ்லினா அதை மட்டும் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை.

குழந்தை அவளை உம்மா என்றது, நளீரை வாப்பா என்றது. கட்டுகஸ்தோட்டைக்கு விருந்து போகும் நாட்களில், பின்னேரமானதும் வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம் என்று அழும். அபீபா தூக்கினால் திமிறும். அப்போது ராத்தாவின் முகம் எப்படி ஆனது என்று பஸ்லினா பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டும் இருக்கிறாள். பயப்பட்டிருக்க வேண்டும்.

கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்பது யாருக்கும் அழகில்லை. ஊர் சிரிக்கும். அதனால் ஊர் மறுக்க முடியாத ஒரு காரணம் வேண்டியிருந்தது. ருஷ்தாவுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, ஒரு நோன்பு திறக்கும் விருந்தில், பெண்கள் கூடியிருந்த அறையில் அபீபா சொன்னாள்: புள்ள வயசுக்கு வரப் போகுது, நளீர் அவளுக்கு மஹ்ரம் இல்லியே. அது சரிதான். வயதுக்கு வந்த பெண் திரையில்லாமல் புழங்கக்கூடிய ஆண்கள் யார் யார் என்று மார்க்கம் சொல்லியிருக்கிறது. சாச்சியின் கணவன் அந்த வரிசையில் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்திருந்தால் அவர் பால்குடி வாப்பா ஆகியிருப்பார். பஸ்லினாவின் மார்பில் பால் இல்லை.

அதோடு அபீபா நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒரு கிழவி, சின்னப் புள்ள தானே, இப்பவே எனத்துக்கு அவசரம் என்று கேட்டாள். அபீபா தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாத்தயும் வாயால செல்ல ஏலுமா மாமி? ஒரு தாய்ட மனசுக்கு ஒண்ணு படும்தானே."

அதன் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. பேரீச்சம்பழத் தட்டு கைமாறியது. பெருநாளுக்கு முன்பே அபீபா ருஷ்தாவைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிப் போய்விட்டாள். அந்த மாதம் முடிவதற்குள் நளீர் ஒழுங்கைச் சந்துக்குள் வந்தால் பெண் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தார். ஒருநாள் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, நீயும் அப்பிடி நெனக்கிறியா என்று கேட்டார். இல்லை என்றாள். உடனேதான் சொன்னாள். ஆனால் அப்படி ஒரு கேள்வி அவர்கள் வீட்டுக்குள் கேட்கப்பட்டுவிட்டது. கேட்ட பிறகு அது பழைய வீடாக இல்லை. அடுத்த நோன்பு வருவதற்கு முன் நித்திரையிலேயே போய்விட்டார். ஜனாஸாவுக்கு ருஷ்தாவைக் கூட்டி வரவில்லை.

பிள்ளையை எடுத்ததை பஸ்லினா எப்போதோ பொறுத்துவிட்டாள். பெற்றவளுக்கு ஆசை வந்தது, எடுத்தாள். இந்தப் பொய்யைத்தான் பொறுக்க முடியவில்லை. பொய் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பொய்யென்றால் ஒரு வசனம் இருக்க வேண்டும்.

சோறு வந்தது. மீன் கறி நன்றாயிருந்தது. அபீபா மினாவில் கூடாரம் எப்படியிருக்கும், எந்தக் குழுவோடு போகிறார்கள், மச்சானுக்கு முழங்கால் நோவு என்றெல்லாம் பேசினாள். ருஷ்தாவுக்கு கம்பளையிலிருந்து வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றியும் சொன்னாள். பையன் பொறியியலாளர், நல்ல குடும்பம், கொஞ்சம் தீனில், தொழுகையில் பிடிப்பான ஆட்கள். ஹஜ்ஜு முடிந்து வந்ததும் பேசி முடிக்க வேண்டும்.

"ஒனக்குப் புடிச்சிருக்கா?" என்று பஸ்லினா ருஷ்தாவைக் கேட்டாள்.

"ஒரு தரம்தான் கதச்சேன் சாச்சி. மோசமில்ல. நெறய சிரிக்கிறார். பல்லு நல்லம் எண்டபடியால ஈக்கும்."

"பாத்தியா இவள்ட வாய," என்றாள் அபீபா. சிரித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தக் கணத்தில் பஸ்லினாவுக்கு இப்படியே சாப்பிட்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அபீபா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தலைத்துணியைச் சரி செய்தாள். மேசைக்குக் குறுக்கே இரண்டு கையையும் நீட்டினாள்.

"பஸ்லி. நான் பயணம் போறேன். மவுத் ஹயாத் அல்லாட கையில. தெரிஞ்சும் தெரியாமலும்..."

அடுத்த பெட்டியில் விசில் ஊதினார்கள். யாருக்கோ பிறந்தநாள். ரமேஸும் இன்னும் இரண்டு பேரும் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டு கேக் கொண்டுபோனார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அபீபா கையை நீட்டியபடியே சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"தெரிஞ்சும் தெரியாமலும் நான் ஒனக்கு செஞ்ச பிழையெல்லாம் அல்லாக்காகப் பொறுத்துக்கோ. மாப்பு தா."

"எதுக்கு ராத்தா?"

குரல் உயரவில்லை. பஸ்லினாவுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"எதுக்குண்டா? எல்லாத்துக்கும்தான்."

"எல்லாம் எண்டா எனத்த?"

"கூடப் பொறந்த ஆக்கள் எண்டா ஆயிரம் ஈக்கும். அதெல்லாம் எண்ணிக்கொண்டா ஈக்கிற? ஊரெல்லாம் கேட்டேன், ஒருத்தரும் எதுக்குண்டு கேக்கல்ல."

"அவங்களுக்கு நீங்க ஒண்ணும் செய்யல்லியே."

அபீபா கையை இழுத்துக்கொண்டாள். "புள்ளய எடுத்தேன். அதத்தானே செல்ற? செரி. ருஷ்தாவ ஒன்ட்ட ஈந்து எடுத்ததுக்கு மாப்பு தா."

"அதுக்கு எப்பவோ தந்துட்டேன்."

"பொறகு என்ன?"

பஸ்லினா ருஷ்தாவைப் பார்த்தாள். இவளுக்கு முன்னால் சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினாள். ருஷ்தாதான் பேசினாள்.

"உம்மா, செல்லுங்களேன். சாச்சி எதக் கேக்கிறாண்டு ஒங்களுக்குத் தெரியும்."

"நீ வாயப் பொத்து."

"என்னெக் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கு ரூமக் கொளுவிட்டு என்ட்டக் கேட்டீங்க. அவர் ஒன்னத் தொட்டாரா, எங்க தொட்டார், பயப்படாம செல்லு எண்டு. நான் இல்லண்டு செல்லினேன். அடுத்த நாளும் கேட்டீங்க. அதுக்குப் பொறகும் கேட்டீங்க. எத்தினயோ தரம் இல்லண்டு செல்லினேன்." அவள் குரல் தாழ்ந்தே இருந்தது. "ஒங்களுக்குத் தெரியும் உம்மா. ஒண்ணுமில்லண்டு தெரிஞ்சிட்டு ஒருத்தருக்கும் செல்லல்ல."

பஸ்லினாவுக்கு இது தெரியாது. இத்தனை காலமும் ராத்தா ஆசைப்பட்டு ஒரு வார்த்தையைத் தவறவிட்டாள், அது அவள் கையை மீறிப் போய்விட்டது என்றுதான் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். அந்த எண்ணத்தில் ஓரளவு நிம்மதி இருந்தது. அந்தச் சின்னப் பிள்ளையை அறையில் பூட்டி வைத்துக் கேட்டிருக்கிறாள். இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, நளீர் கடைசி வரிசையில் தொழுததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அபீபா அழுதாள். "நான் என்ட வாயால அவரப் பத்தி ஒரு சொல்லு செல்லல்ல. அல்லா மேல ஆணையா. யாராச்சும் நான் செல்லக் கேட்டதா செல்லட்டும்."

"ஓம், நீங்க செல்லல்ல," என்றாள் பஸ்லினா. "அதாலதான் அத ஒருத்தராலும் மறுக்க ஏலாமப் போச்சு."

ரமேஸ் வட்டிலாப்பத்தைக் கொண்டுவந்தார். அழுகிற அம்மாவைப் பார்த்தார். கிண்ணங்களைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

"இப்ப நான் என்ன செய்யணும்? செல்லு."

"வெள்ளிக்கிழம ஒங்கட வீட்டுல துஆ மஜ்லிஸ். அண்டைக்கு நோன்பு தொறக்க வந்த அதே பெண்டுகள் வருவாங்க. அங்க வெச்சு ஒரு வசனம் செல்லுங்க. நளீர்ல ஒரு குத்தமும் ஈக்கல்ல, நான் பிழையாப் பேசிட்டேன் எண்டு. அவ்வளவுதான் ராத்தா. அத செல்லுங்க, நான் அதே எடத்துல எழும்பி வந்து ஒங்கட கையப் புடிச்சு மாப்பு தாரேன்."

அபீபாவின் அழுகை நின்றது. நின்ற வேகத்தைப் பஸ்லினா கவனித்தாள்.

"பைத்தியமா ஒனக்கு? எல்லாரும் மறந்த ஒண்ணத் தோண்டி எடுக்கச் செல்றியா? கம்பளயில ஈந்து இந்த ஆக்கள் வந்து போற நேரம்? நளீர்ல குத்தமில்லண்டு நான் செல்லினா, எந்தக் குத்தம்ண்டு கேப்பாங்க. எந்தப் புள்ளண்டு கேப்பாங்க. அவர் மவுத்தாயிட்டார். இவள் உசிரோட ஈக்கிறாள். இவள்ட வாழ்க்கய நெனச்சியா நீ?"

ராத்தா சொல்வது உண்மை. அதுதான் கசந்தது. அன்றைக்கு இந்தப் பிள்ளையைக் காட்டித்தான் வாயைத் திறந்தாள். இன்றைக்கும் இந்தப் பிள்ளையைக் காட்டித்தான் வாயை மூடுகிறாள். இரண்டு தரமும் நியாயம் அவள் பக்கம்.

"என்னெ சாட்டாதீங்க உம்மா," என்றாள் ருஷ்தா. "நீங்க செல்லுறதுண்டா செல்லுங்க. கம்பள ஆக்கள் போனா போகட்டும்."

"ஒனக்கு என்ன தெரியும்? போனா போகட்டுமாம்! ஒருத்தர் போனா பொறகு எல்லாரும் எனத்துக்குப் போனாங்க எண்டு கேப்பாங்க."

ருஷ்தா எழுந்தாள். "நான் கொஞ்சம் வெளிய நிக்கிறேன்." பஸ்லினாவின் தோளில் கையை வைத்துவிட்டு, ரயில் மேடைப் பக்கம் திறக்கும் கதவால் போனாள். மாத்தளைக்குப் போகும் கோச்சி நின்றது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றதைக் கண்ணாடியூடாகப் பார்க்க முடிந்தது.

இவளுடைய பெயர் ஒரு விருந்தறையில் வாய்க்கு வாய் போவதை பஸ்லினாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நளீராலும் முடிந்திருக்காது. பள்ளிவாசலில் சட்டைக் கொலரைப் பிடித்து நியாயம் கேட்டிருக்கலாம். அவர் கேட்காமல் விட்டது இந்தப் பிள்ளைக்காகத்தான் என்று இப்போது தோன்றியது. கோழைத்தனம் என்று அந்த நாட்களில் அவளுக்குக் கோபம்கூட வந்ததுண்டு.

"செரி," என்றாள். "வெள்ளிக்கிழம ஒண்ணும் செல்ல வேணாம்."

அபீபா நிமிர்ந்தாள். மூச்சு விட்டாள். "அல்ஹம்துலில்லாஹ். நீ புத்தியுள்ளவ பஸ்லி. எனக்குத் தெரியும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கைகளை நீட்டினாள். கையில் புதிதாக மருதாணி இட்டிருந்தாள். "தா. மாப்பு தா. ஒரு சொல்லுதானே. ஒரு சொல்லு செல்லிட்டா எனக்கும் நிம்மதி, ஒனக்கும் நிம்மதி."

ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் வட்டிலாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறலாம். வெள்ளிக்கிழமை அபீபா பெண்களிடம், பஸ்லினாட்டயும் மாப்பு வாங்கிட்டேன் என்பாள். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பெரிய மனசு, அவளே பொறுத்துட்டாள் என்பார்கள். எதைப் பொறுத்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏதோ நடந்தது, அது முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். நளீரைக் கடைசியாகப் புதைக்கிற மண்ணை அவள் கையாலேயே தள்ளியது போலாகிவிடும்.

தன்னுடைய பங்கு என்று ஒன்று இருக்கிறது. யாருமில்லாத வீடு, சாச்சி என்று மாறிப்போன பெயர். அதை வேண்டுமானால் கொடுத்துவிடலாம், ஏற்கெனவே கொடுத்தும் விட்டாள். அந்த ஒழுங்கையில் தலை குனிந்து நடந்தவருடைய பங்கு அவளுடையதல்ல. அதை எடுத்துக் கொடுக்க அவள் யார்?

"பஸ்லி?"

"ஹ்ம்."

"ஒன்ட ராத்தா நான். உம்மாக்குப் பொறகு ஒன்னத் தூக்கி வளத்தது நான். அல்லாட வீட்டுக்குப் போறேன். என்ட ஹஜ்ஜு ஒன்ட ஒரு சொல்லுல நிக்குது. அல்லா அத ஏத்துக்கொள்ளல்லண்டா அது ஒன்ட கழுத்துலயும்தான் ஈக்கும், யோசிச்சுக்கோ."

அபீபாவின் கைகள் மேசையின்மேல் மல்லாந்து கிடந்தன. விரல்கள் மெலிந்து, மூட்டுகள் தடித்திருந்தன. உம்மாவின் கைகளைப் போலவே இருந்தன. நோய் வந்தால் நெற்றியில் வைத்த கைகள். பஸ்லினா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட வேண்டும் போல் இருந்தது. தொட்டால் சொல் தானாக வந்துவிடும் என்றும் தெரிந்தது. தன் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"நல்லபடியாப் போய்ட்டு வாங்க ராத்தா," என்றாள். "வெயில் கூடவாம், நெறயத் தண்ணி குடிங்க. மச்சான்ட காலையும் பாத்துக்கோங்க. ஒங்களுக்கு நான் ஒவ்வொரு தொழுகயிலயும் துஆ செய்றேன், அது பொய்யில்ல."

"மாப்பு?"

"அது ஏலாது."

"ஏலாதுண்டா?"

"ஏலாது ராத்தா," என்றாள் பஸ்லினா, இன்னும் மெதுவாக. "என்ட்ட இனி அதக் கேக்காதீங்க."